கணக்கில் வராத ஆட்டம்

2019 மார்ச் 16ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, என் அக்கா பையன் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினான். முன்பதிவில்லாத பெட்டி, கதவோரம் நின்றபடி பிரயாணம். மறுநாள் சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் பயிற்சி ஆட்டம். பார்த்துவிட்டு அன்றிரவே திரும்ப ரயிலேறி, திங்கள் காலை வீடு வந்து, குளித்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினான். வாசலில் மறித்து, "ஸ்கோர் என்னடா?" என்று கேட்டேன்.

"ஸ்கோர்லாம் கெடையாது மாமா. சும்மா பாத்துட்டு வந்தோம்."

இந்தச் 'சும்மா' அன்றிலிருந்து என்னைத் தொந்தரவு செய்துவருகிறது. காசில்லாமல், காரணமில்லாமல், வேலையில்லாமல், அசைவில்லாமல் என்று எல்லாவற்றுக்கும் நமக்கு இந்த ஒரு சொல்தான். சும்மா இருப்பதை நம் ஞானிகள் கடைசிப் படியாக வைத்தார்கள். நம் வீடுகளில் அதுவே வசவு. இரண்டு இரவு ரயிலில் நின்று, ஒரு பகல் வெயிலில் காய்ந்து, வெற்றி தோல்வி எழுதப்படாத ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவனின் சும்மா இதில் எந்தச் சும்மா?

அவன் தனியாள் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சேப்பாக்கத்தில் சுமார் 12,000 பேர் கூடினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. இந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பசி இருந்தது. சூதாட்ட விவகாரத்தில் 2016, 2017 இரண்டு ஆண்டுகள் அணி விலக்கிவைக்கப்பட்டிருந்தது. 2018 ஏப்ரல் 10 அன்று ஊர் திரும்பி ஒரே ஓர் ஆட்டம். காவிரிப் போராட்டத்தின் நடுவே மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போய்விட்டன. காவிரிக்கரையில் குடியிருக்கும் நான் அதற்காக வருத்தப்பட்டதில்லை. வருத்தப்படக்கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் பசி பசிதான். மூன்று வருஷத்தில் ஓர் ஆட்டம் கண்டவர்களுக்குப் பயிற்சியும் பந்தியாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

பசி என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. ஏனென்றால் அடுத்த சனிக்கிழமையே, 23ஆம் தேதி, அதே மைதானத்தில் போட்டித் தொடர் தொடங்க இருந்தது. தொடங்கவும் செய்தது. பெங்களூர் அணி 70 ரன்னில் சுருண்டது. மே 12 அன்று ஹைதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னை ஒரே ஒரு ரன்னில் தோற்றது. இவையெல்லாம் ஏட்டில் ஏறியவை; நாற்பது வருஷம் கழித்தும் ஒருவன் தேதியோடு சொல்லிவிடலாம். 17ஆம் தேதிக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. ஒரு காரியத்திலிருந்து அதன் பலனைக் கழித்துவிட்டால் பார்ப்பவனுக்கு என்ன மிஞ்சுகிறது? பலன் கருதாமல் செய் என்று செய்கிறவனுக்கு உபதேசம் இருக்கிறது. பலன் கருதாமல் பார்ப்பவனைப் பற்றி நாம் அவ்வளவாக யோசித்ததில்லை.

'வெறும் பயிற்சிதானே' என்பது புத்திசாலியின் பதில். பயிற்சி சாதனம், போட்டி லட்சியம். சாதனத்தைப் போய்க் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பது சமையற்கட்டில் நின்றுகொண்டு வயிறு நிறைந்தது என்பதைப் போல. பதிலில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் சாதனமும் லட்சியமும் அவ்வளவு சமர்த்தாக அவரவர் இடத்தில் இருப்பதில்லை என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு முழு விளையாட்டே சாட்சியாக இருக்கிறது. 1858 ஜூலையில் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் ஆட்டக்காரர் மெல்போர்ன் விளையாட்டுப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் உடம்பு மரத்துப்போய்ச் சோம்பிக் கிடக்கிறார்கள். ஒரு கால்பந்துச் சங்கம் வைத்துக்கொண்டால் நல்லது என்பது யோசனை. மறு வருஷம் மே மாதம் விதிகள் எழுதப்பட்டன. கிரிக்கெட்டுக்கு உடம்பைத் தயாராக வைத்துக்கொள்ள வந்த ஆட்டம், அதே முட்டை வடிவ மைதானங்களில், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேராக, அந்தத் தேசத்தின் பெரும் பகுதியில் கிரிக்கெட்டையே பின்னால் தள்ளிவிட்ட ஆட்டமாக வளர்ந்து நிற்கிறது. இப்போது அதற்கே தனியாகப் பயிற்சி ஆட்டங்கள். பருவம் தொடங்குவதற்கு முந்திய அந்த ஆட்டங்களுக்குத் தனிக் கோப்பை ஒன்றும் இருந்தது. 2013க்குப் பிறகு அது கைவிடப்பட்டது. கோப்பை போன பிறகும் ஜனங்கள் வரத்தான் செய்கிறார்கள். யார் பெருத்துவிட்டான், யார் கால் தேறியிருக்கிறது, புதிதாக எடுத்த பையன் தேறுவானா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நம்மிடமும் சமீபத்தில் ஓர் உதாரணம் உண்டு. 2020 மார்ச் முதல் வாரத்தில் தோனி சேப்பாக்கத்தில் பயிற்சிக்கு இறங்கினார்; மறுபடியும் கூட்டம். மார்ச் நடுவில் கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. அந்த வருஷப் போட்டி செப்டம்பரில் ஐக்கிய அரபு நாட்டில் ஆளில்லாத மைதானங்களில் நடந்தது. சென்னை அணி மறுபடி சேப்பாக்கத்தில் போட்டி ஆட்டம் ஆடியது 2023 ஏப்ரல் 3 அன்றுதான். ஆக, 2020 மார்ச்சில் 'வெறும் பயிற்சி' பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு, பிற்பாடு திரும்பிப் பார்த்தால், மூன்று வருஷத்துக்கு அதுதான் ஆட்டம். ஒத்திகை நடந்தது, நாடகம் நடக்கவில்லை. எது எதற்கு முன்னோடி என்பதை நடக்கும்போது யாராலும் சொல்ல முடியாது. 'வெறும்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானித்து உபயோகிக்க வேண்டும் என்பது மட்டுமே இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இதெல்லாம் புதிதாக இருக்க வேண்டியதில்லை. பயிற்சிக்கு நம்மிடம் பல சொற்கள். சங்கீதக்காரருக்குச் சாதகம், அது கதவைச் சாத்திக்கொண்டு செய்வது. நாடகக்காரருக்கு ஒத்திகை, அதில் வேண்டியவர்கள் நாலு பேர் உட்காரலாம். தேருக்கு வெள்ளோட்டம், அது வீதியில், ஊரறிய. புதுத் தேரோ, சக்கரமும் அச்சும் மாற்றிய பழைய தேரோ, உற்சவருக்கு முன்னால் காலியாக ஓடிக் காட்ட வேண்டும். அச்சு தாங்குகிறதா, முனையில் திரும்புகிறதா, முட்டுக்கட்டைக்கு அடங்குகிறதா என்று பார்ப்பதற்காக. சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் தேர் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: தேர் என்றால் உள்ளே யார் என்பதுதான் முதல் கேள்வி. வெள்ளோட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஆனாலும் வடம் பிடிக்கக் கை நீள்கிறது, குரல் எழும்புகிறது, நின்று பார்க்கும் கிழவர் 'இடப்பக்கம் இழுக்கறதே' என்கிறார். புண்ணியக் கணக்கில் அது சேருமா என்று யாரும் விசாரிப்பதில்லை. மரம் அசைகிறது, அவ்வளவு பெரிய மரம் மனிதக் கைகளால் அசைகிறது. அதைப் பார்ப்பது போதுமானதாக இருக்கிறது.

சேப்பாக்கத்தில் நடந்ததும் ஒரு வெள்ளோட்டம் என்று எழுதி, இந்தக் கட்டுரையை இந்த இடத்தில் முடித்துவிட ஆசையாகத்தான் இருந்தது. முடிக்க விடாமல் ஒரு நேர்மைப் பிரச்சினை குறுக்கே நிற்கிறது. வெள்ளோட்டம் சாமி இல்லாத தேர். சேப்பாக்கத்தில் இருந்தது தேர் இல்லாத சாமி. அந்த 12,000 பேரில் பெரும்பாலோர் வந்தது ஓர் ஆட்டத்தை அதன் பலனிலிருந்து விடுவித்துப் பார்ப்பதற்கு அல்ல. ஒரு முகத்தைப் பார்ப்பதற்கு. ஆட்டமே வேண்டாம், ஆள் நடந்துபோனால் போதும் என்கிற நிலை அது. அன்றைக்கு ஒரு ரசிகர் தடுப்பைத் தாண்டி உள்ளே ஓடிவர, தோனி அவருக்குப் பிடிகொடுக்காமல் ஓடிப் போக்குக் காட்டினார். அந்த நாளில் நடந்த காரியங்களில் விளையாட்டு என்று கூசாமல் சொல்லத்தக்கது ஒருவேளை அதுதான். பின்னால் மஞ்சள் சட்டை வியாபாரம் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, மேலே சொன்ன இரண்டு வருஷத் தடைக்குக் காரணமான அழுக்கும் இருக்கிறது. இவற்றையெல்லாம் மறந்துவிட்டுச் 'சும்மா பார்த்தோம்' என்றால், அந்தச் சும்மாவுக்கு நான் பரிந்து பேசத் தயாரில்லை.

அன்று சாயங்காலம் அவனும் அவன் சகாக்களும் வடக்கு வாசல் பக்கம் டீக்கடையில் நின்று பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் இன்னார் முடிந்தார், இன்னாருக்கு இடுப்பு வளையவில்லை, கோப்பை நமக்குத்தான். ஓர் ஓவரை வைத்து ஒரு பருவத்துக்கே தீர்ப்பு. கணக்கில் வராத ஆட்டத்தைப் பார்க்கப் போனவர்கள், அங்கேயும் தாங்களாக ஒரு கணக்கை எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். நடுவில் ஒருவன், வலையில் பந்து போட்ட பையன் ஒருத்தன் பெரிய மட்டையாளர் ஒருவரை இரண்டு தடவை ஏமாற்றினான் என்று சொன்னான். "யார்டா அது?" என்று கேட்டேன். என் மருமான், "தெரியல மாமா. யாரோ நெட் பையன்" என்றான். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

எனக்கு அங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. பயிற்சி யாருக்குப் பயிற்சி? இடம் உறுதியானவனுக்கு அது பயிற்சி. இரண்டு பந்தை விட்டாலும் 23ஆம் தேதி அவன் இறங்குவான். வலையில் பந்து போட மாவட்டத்திலிருந்து அழைத்து வரப்பட்ட பையனுக்கு அதற்குப் பிறகு 23ஆம் தேதி என்று ஒன்று கிடையாது. அவனுடைய பருவம் அந்த மாலையோடு தொடங்கி அந்த மாலையோடு முடிகிறது. அந்த மைதானத்தில் நிஜமாகவே எல்லாவற்றையும் பணயம் வைத்து ஆடியவன் அவன் ஒருவன்தான். கூட்டத்தின் கண்ணில் படாதவனும் அவன்தான்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் இருக்கிறாரே என்று சொல்வார்கள். 2020 இறுதியில் இந்திய அணியோடு ஆஸ்திரேலியா போக அவர் முதலில் தேர்வானது வலையில் பந்து போடத்தான். மற்றவர்கள் காயப்பட்டு விலக விலக, அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் முதல் ஆட்டம் ஆடினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். பயிற்சிக்குப் பிறந்த கால்பந்து ஆடப்படும் மைதானங்களில் அதுவும் ஒன்று என்பது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். ஆனால் ஒரு நடராஜனைக் காட்டி மற்றவர்களின் பாக்கியைத் தீர்த்துவிடுவது நியாயமில்லை. அவர் ஏட்டில் ஏறிவிட்டார். அவரைப் பார்ப்பதற்கு இனி விசேஷமான கண் எதுவும் தேவையில்லை. ஏறாமலே ஊர் திரும்பியவனின் நல்ல பந்து நல்ல பந்தா இல்லையா என்பதுதான் கேள்வி. பலன் இருந்தால்தான் மதிப்பு என்றால், அது நல்ல பந்து இல்லை. அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்த கணத்தில் அது முழுமையானது. அதைப் பார்க்க ஒருவன் இருந்தானா என்பது பந்தின் குறையல்ல, நம்முடையது.

ஆகவே பலனற்றதைப் பார்க்கப் போனது தவறல்ல. பார்க்கப் போன இடத்துக்கும் பெயர்களைச் சுமந்துகொண்டு போனதுதான் தவறு. வெற்றி தோல்வியின் கெடுபிடி இல்லாத இடத்தில்தான் கண்ணுக்குச் சுதந்திரம் கிடைக்கிறது. யார் எறிந்தாலும் பந்தைப் பார்க்கலாம். அந்தச் சுதந்திரத்தைக் கூட்டம் கையில் வாங்கி, உபயோகிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டது. இதை நான் உயர்ந்த இடத்திலிருந்து சொல்லவில்லை. பத்திரிகை தபாலில் வந்ததும் நானும் முதலில் பொருளடக்கத்தைப் புரட்டித் தெரிந்த பெயர்களைத்தான் தேடுகிறேன். பதினெட்டாம் பக்கத்தில் யாரோ ஒருவரின் முதல் கவிதை இருக்கும். அவருக்கு அதுவே கடைசியாகவும் இருக்கலாம். நான் அதைத் திருப்பிவிட்டுப் போன தடவைகளை எண்ணவில்லை.

ஒரு விஷயத்தை இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்தப் பயணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் என் மருமானே ஒரு தேர்வுக்குப் போயிருந்தான். மூன்று மணி நேரம் வரிசை. எட்டுப் பந்து போடச் சொன்னார்கள், அடுத்தவனைக் கூப்பிட்டார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை என்று வந்து சொன்னான். அதற்குப் பிறகு பையைத் தூக்கிப் பரணில் போட்டவன் எடுக்கவேயில்லை. யாரோ நெட் பையன் என்று அவன் வாயிலிருந்து வந்தது எனக்கு அதனால்தான் உறுத்தியது.

ரொம்ப நாள் கழித்து, ஒரு சாயங்காலம், அம்மா மண்டபப் படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேவிட்டேன். அன்றைக்கு அந்தப் பையனை நீ நிஜமாகவே பார்க்கவில்லையா?

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இடது கை மாமா" என்றான். "கடைசி அடி வைக்கறச்சே தலை லேசா சாயும். அதான் ரெண்டாவது பந்து உள்ள வந்துது." எழுந்து நின்று, படித்துறையிலேயே, கையில் ஒன்றும் இல்லாமல், அந்தத் தலைச்சாய்வோடு ஒரு தடவை போட்டுக் காட்டினான். அவன் வலது கைக்காரன்.