கேட்பதும் கேட்க வைப்பதும்

ஒருவர் சட்டைப் பையில் ஒரு சிறிய பாட்டுக் கருவியை வைத்துக்கொண்டு, காதில் இயர்ஃபோனைப் பொருத்திக்கொண்டு, தமக்குப் பிடித்த பாட்டைக் கேட்கிறார். அவர் என்ன கேட்கிறார் என்பது நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. தியாகராஜ பாகவதரோ, மேல்நாட்டுச் சங்கீதமோ, அது அவருக்கும் அவருடைய காதுக்கும் உள்ள உறவு. அதே மனிதர் ஒரு காரில் ஏறி உட்கார்ந்து, அதே கருவியை ஓர் ஒயரால் காரின் ஸ்டீரியோவோடு இணைத்துவிட்டால் விஷயமே மாறிவிடுகிறது. பாட்டு மாறவில்லை, கருவி மாறவில்லை. ஆனால் அந்த நிமிஷம் முதல் அவர் கேட்பவர் மட்டும் அல்லர், மற்றவர்களைக் கேட்க வைப்பவரும் ஆகிவிடுகிறார். கேட்பதற்கு அவருக்கு உள்ள உரிமையை யாரும் மறுக்க மாட்டார்கள். கேட்க வைப்பதற்கு உள்ள உரிமையை அவருக்கு யார் கொடுத்தார்கள்?

"இதெல்லாம் ஒரு கேள்வியா? பிடிக்காவிட்டால் நிறுத்தச் சொல்லிவிடுவதுதானே!" என்று வாசகர் சிரிக்கலாம். சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் அதில் உள்ள சங்கடம் தெரியும். வீட்டில் பாட்டுப் பிடிக்காவிட்டால் அடுத்த அறைக்குப் போகலாம். கச்சேரி பிடிக்காவிட்டால் நடுவில் எழுந்து காபி சாப்பிடப் போகலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற காரிலிருந்து யாரும் எழுந்து போக முடியாது. கண்ணுக்கு இமை இருக்கிறது, மூடிக்கொள்ளலாம். காதுக்கு அப்படி எதுவும் இல்லை. நாலு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்ட காரில், ஒருவருடைய ருசி மற்ற எல்லோருக்கும் விதியாகிவிடுகிறது. சிறிய விதிதான், ஐந்தாறு மணி நேரத்து விதிதான். ஆனால் மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பது பெரிய விஷயங்களைவிட இம்மாதிரிச் சிறிய விஷயங்களில்தான் வெளிப்படையாகத் தெரிகிறது.

காருக்குள் பாட்டு வந்த கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால், இந்தக் கேள்வி எப்போது முளைத்தது என்பது விளங்கும்.

1930-இல் அமெரிக்காவில் பால் கால்வினின் கம்பெனி 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கியது. அந்த நாளில் எழுந்த ஆட்சேபமெல்லாம், வண்டி ஓட்டுகிறவரின் கவனம் சிதறிவிடுமே என்பதுதான். யாருடைய பாட்டு என்ற தகராறுக்கு அங்கே அதிக இடம் இல்லை. ஏனென்றால் என்ன பாட வேண்டும் என்று தீர்மானித்தவர் காருக்குள் இல்லை. எங்கோ ஒரு நிலையத்தில் முகம் தெரியாமல் இருந்தார். பாட்டு நன்றாக இருந்தால் எல்லோரும் சேர்ந்து ரசித்தார்கள். நன்றாக இல்லாவிட்டால் எல்லோரும் சேர்ந்து அந்த முகம் தெரியாதவரைத் திட்டினார்கள். சேர்ந்து திட்டுவதிலும் ஒரு குடும்ப ஒற்றுமை உண்டு.

கேட்பவரே பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற ஆசை பிறகு வந்தது. கிரைஸ்லர் கம்பெனி 1956 மாடல் கார்கள் சிலவற்றில் இசைத்தட்டுச் சுழலும் பெட்டியையே பொருத்திப் பார்த்தது. நிமிஷத்துக்கு 16⅔ சுற்றுச் சுற்றும் தனி ரகத் தட்டு அதற்கு வேண்டும். கடையில் கிடைக்கிற சாதாரணத் தட்டு அதில் ஓடாது. அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1963-இல் பிலிப்ஸ் கம்பெனி காஸெட்டை வெளியிட்டது. 1966 மாடல் கார்களில் ஃபோர்டு கம்பெனி எட்டு டிராக் டேப்பைக் கொண்டுவந்தது. நாளடைவில் காஸெட் அதைத் தள்ளிவிட்டுக் காருக்குள் குடியேறியது.

காஸெட் காலத்துக் காரில் ஒரு பொது நியாயம் இருந்தது. டாஷ்போர்டுக்குள் பத்துப் பதினைந்து காஸெட் கிடக்கும். அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்று, பாட்டிக்குக் கந்த சஷ்டி கவசம் ஒன்று, பிள்ளைகளுக்குப் புதுப்படப் பாட்டு இரண்டு. அது குடும்பத்தின் பொதுச் சொத்து. ஒரு பக்கம் முடிந்ததும் 'டக்' என்று நிற்கும். அடுத்தது யாருடையது என்று கேட்க அந்தச் சத்தமே ஒரு சந்தர்ப்பம்.

இதற்கிடையில், 1979 ஜூலை முதல் தேதி ஜப்பானில் சோனி கம்பெனி 'வாக்மன்' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாட்டு மனிதனோடு நடக்கத் தொடங்கியது அன்றுதான். அந்தக் கம்பெனியின் தலைவர்களில் ஒருவரான அகியோ மொரிட்டாவுக்கு ஒரு கவலை இருந்தது. பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது நாம் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவு அல்லவா என்பதே அந்தக் கவலை. ஆகவே முதல் வாக்மனில் இரண்டு ஹெட்போன்களை மாட்ட இரண்டு துளைகள் வைத்தார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே பேசிக்கொள்வதற்கு ஒரு பொத்தானும் வைத்தார்கள். அதை அமுக்கினால் பாட்டின் சத்தம் தாழ்ந்து பேச்சுக் கேட்கும்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்த இரண்டாவது துளை இல்லாமல் போயிற்று.

அந்த இரண்டாவது துளையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு சாமானைச் செய்கிறவர், வாங்குகிறவரின் சௌகரியத்தை நினைப்பது வியாபாரம். வாங்குகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் நினைப்பது அதற்கும் மேலான ஒன்று. அது விற்கவில்லை என்பதனால் அது தவறாகிவிடாது.

2001 அக்டோபரில் ஆப்பிள் கம்பெனி ஐபாடை வெளியிட்டு, ஆயிரம் பாட்டுகளைச் சட்டைப் பையில் வைக்கலாம் என்றது. ஆயிரமும் ஒரே மனிதர் பொறுக்கிச் சேர்த்தவை. ஒரே மனிதரின் ருசி. இப்படி முழுக்க முழுக்க ஒருவருக்கே உரியதாகிவிட்ட கருவியை, நாலைந்து பேர் உட்காரும் காரோடு இணைக்க முயன்றபோதுதான் நம் கேள்வி முழு உருவத்தோடு எழுந்து நின்றது.

அப்போதைய கார்கள் பலவற்றில் அதை இணைக்க இடமே கிடையாது. ஆகவே உபாயங்கள் பிறந்தன. ஒன்று, முன்பே டிஸ்க் கருவிகளுக்காக வந்த போலிக் காஸெட். பார்வைக்குக் காஸெட், உள்ளே டேப் இராது. சிறு காந்தத் தலை ஒன்று இருக்கும். கருவியிலிருந்து ஒயர் வழியாக வரும் மின்சாரம் அந்தத் தலையில் ஏறி இறங்கும் காந்த சக்தியாக மாற, காரின் டேப் தலை அதை ஓடுகிற டேப் என்றே நம்பிப் பாடும். மற்றொன்று, தீப்பெட்டி போன்ற ஒரு குட்டி எஃப்.எம். நிலையம். சில கஜ தூரத்துக்குத்தான் அதன் ராஜ்யம். அலைவரிசையில் காலி இடம் தேடி அதை உட்கார வைக்க வேண்டும். நெருக்கமான நகரத்தில் பெரிய நிலையங்கள் அதன் குரலை மிதித்துவிடும். எல்லாவற்றிலும் எளியது நேராகச் சொருகும் ஆக்ஸ் ஒயர். இரு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் பின்.

இந்தப் பின்னுக்கு ஒரு பூர்வோத்திரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் சொருகிச் சொருகி எடுத்த கால் அங்குலப் பின்தான் இதன் பாட்டி. தூரத்தில் இருந்த இரண்டு பேரைப் பேச வைப்பதற்காகப் பிறந்தது அது. அதன் பேத்தி, பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்களைப் பேச விடாமல் செய்யவும் பயன்படுகிறது என்பது காலத்தின் வேடிக்கை.

சரி, பின்னைச் சொருகும் உரிமை யாருக்கு? காருக்குச் சொந்தக்காரருக்கு என்று சொன்னால், பணம் கொடுத்தவருக்குக் காரோடு மற்றவர்களின் காதுகளும் கிரயமாகிவிட்டன என்று அர்த்தமாகிறது. வயதில் மூத்தவருக்கு என்று சொன்னால், இளையவர்கள் காத்திருந்து காத்திருந்து, தம் முறை வந்ததும் அதே கொடுமையைச் செய்வார்கள். பெரும்பான்மைக்கு என்று சொன்னால், நாலு பேரில் தனியாக நிற்கும் பாட்டி திருச்செந்தூர் போய்ச் சேரும் வரையில் ஒரு தடவைகூடத் தம் பாட்டைக் கேட்க முடியாது. மூன்று சட்டங்களும் நியாயம் போலத்தான் தோன்றுகின்றன. மூன்றிலும் யாரோ ஒருவர் மௌனமாக்கப்படுகிறார்.

அப்படி மௌனமாக்கப்படுகிறவர்களில் முதன்மையானவரை நாம் எண்ணிக்கையில்கூடச் சேர்ப்பதில்லை. இரவு பத்து மணிக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் புறப்படும் வாடகைக் காரை நினைத்துப் பாருங்கள். டிரைவர் தம்முடைய பென் டிரைவில் இளையராஜா பாட்டுகளை நிரப்பி வைத்திருக்கிறார். தாம்பரம் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணே, அதை நிறுத்திட்டு இந்த ஒயரைக் கொஞ்சம் மாட்டுங்க." "சரிங்க சார்" என்கிறார் அவர். வேறு என்ன சொல்வார்? மெல்லிய வீணை இசை ஒன்று தொடங்குகிறது. திண்டிவனம் வருவதற்குள் கேட்க விரும்பியவர்கள் எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். தாலாட்டு மட்டும் விழித்துக்கொண்டு, தூங்கக் கூடாத ஒரே மனிதருக்காகப் பாடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காரில் பாட்டு யாருக்கு மிகவும் தேவை? ஓட்டுகிறவருக்குத்தான். அவருக்கு அது ரசனை மட்டும் அல்ல. விடியற்காலை மூன்று மணித் தூக்கத்தை எதிர்க்கும் துணை. மற்றவர்களாவது வேண்டாத பாட்டிலிருந்து தப்ப இயர்ஃபோனை மாட்டிக்கொள்ளலாம். ஹாரன் சத்தம் காதில் விழ வேண்டிய அவர் அதைக்கூடச் செய்ய முடியாது. தேவை அதிகம் உள்ளவருக்குச் சொல்லும் உரிமை குறைவு. சொல்லும் உரிமை உள்ளவர் தூங்குகிறார். உலகத்தில் பல அநியாயங்களின் அமைப்பு இதுதான். யாரும் கெட்டவர் இல்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படாமல் போயிற்று, அவ்வளவே.

"ஆளுக்கு ஓர் இயர்ஃபோன் கொடுத்துவிட்டால் தகராறே இல்லையே" என்று சிலர் சொல்கிறார்கள். டிரைவரை விட்டுவிட்டுப் பார்த்தாலும், தகராறு போய்விடும் என்பது உண்மைதான். அதோடு பயணமும் போய்விடும். ஒரே காரில் நாலு பேர் நாலு ஊருக்குப் போவது போல ஆகிவிடும். பிறருடைய பாட்டைக் கேட்க நேர்வது எப்போதும் தண்டனை அல்ல. நமக்குப் பிடித்த பாட்டுகளில் எத்தனை, நாமாகத் தேடிக் கண்டவை? அண்ணன் போட்டது, பக்கத்து வீட்டு ரேடியோவில் வந்தது, டீக்கடையில் காதில் விழுந்தது என்று கணக்குப் பார்த்தால், நம் ருசியில் பெரும் பங்கு பிறர் இட்ட பிச்சைதான். தன் ருசி என்ற கோட்டைக்குள் கதவைச் சாத்திக்கொள்கிறவன் பிறர் தொல்லையிலிருந்து தப்புகிறான்; பிறரிடமிருந்து வரக்கூடிய செல்வத்தையும் இழக்கிறான்.

ஆகவே ஒயரைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைக் கையில் வைத்திருப்பவர், தாம் விருந்து பரிமாறுகிற இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டால் போதும். பரிமாறுகிறவர் தமக்குப் பாகற்காய் பிடிக்கும் என்பதற்காக எல்லோருடைய இலையிலும் அதையே கொட்டுவதில்லை. இலையைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், கை மறித்தால் நிறுத்திக்கொள்கிறார். கடைசி இலைக்காரருக்குக் கிடைத்ததா என்று எட்டிப் பார்க்கிறார். காரில் அந்தக் கடைசி இலை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிறது. சாப்பிடுகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. பழகாத பண்டமானாலும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பது மரியாதை. பேரன் போட்ட பாட்டைப் பாட்டி ஒரு முறை முழுக்கக் கேட்டுவிட்டு, "இரைச்சலா இருக்குடா" என்று சொன்னால் அது விமரிசனம். கேட்காமலே சொன்னால் அது வெறும் வயசு.

இணைக்கும் வேலையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கருவியிலும் சத்தத்துக்கு ஓர் ஏற்பாடு உண்டு. காரிலும் ஒன்று உண்டு. கருவியை முழுக்க ஏற்றிவிட்டால் பாட்டுக் கரகரத்துப் போகலாம். அதை அடியோடு தாழ்த்திவிட்டுக் காரில் மட்டும் ஏற்றினால், பாட்டோடு இரைச்சலும் ஏறிவிடும். கொடுக்கிற பக்கமும் வாங்குகிற பக்கமும் அளவு அறிந்து நின்றால்தான் பாட்டுப் பாட்டாக வருகிறது.

2022-இல் ஆப்பிள் கம்பெனி ஐபாடை நிறுத்திவிட்டது. செல்ஃபோனே பாட்டுக் கருவியாகிவிட்டது. அதில் பின் சொருகும் துளையும் மறைந்து வருகிறது; காருக்கும் செல்ஃபோனுக்கும் இடையே ப்ளூடூத் என்று கண்ணுக்குத் தெரியாத ஒயர் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிந்த ஒயரையாவது "கொஞ்சம் இப்படிக் கொடு" என்று கை நீட்டிக் கேட்கலாம். தெரியாத ஒயரை எப்படிக் கேட்பது? அதனால், அதை வைத்திருப்பவர்தான் முந்திக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது. "உங்களுக்கு என்ன பாட்டு வேணும், அண்ணே?" என்று முன் இருக்கையைப் பார்த்துக் கேட்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.