பிழையும் வஞ்சமும்: ஐரோப்பிய வேளாண் மானியம் எழுப்பும் நீதிக் கேள்வி

பொதுப்பணத்தைப் பெறுபவரின் சொல்லை அரசு எந்த அளவுக்கு நம்பலாம், அந்தச் சொல் உண்மைக்கு மாறாக இருந்துவிட்டால் அவரை எப்படி நடத்துவது முறை என்ற பழைய அறவியல் கேள்வி, ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் மானியத்தில் மிகக் கூர்மையாக எழுகிறது. 1992 வரை அங்கே உழவருக்கான ஆதரவு பெரும்பாலும் விளைபொருளின் விலை வழியாகவே சென்றது. அவ்வாண்டு, அப்போதைய வேளாண் ஆணையர் ரே மெக்ஷாரியின் பெயரால் அறியப்படும் சீர்திருத்தம், விலை ஆதரவைக் குறைத்து, அதற்கு ஈடாக எக்டேருக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று நேரடியாகவே பணம் வழங்க வகைசெய்தது. முன்பு சந்தைக்கு வந்த தானியமே சாட்சியாக இருக்க, இப்போது உழவர் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பமே சாட்சியாயிற்று. அதனைச் சரிபார்ப்பதற்காக அதே ஆண்டில் ஒருங்கிணைந்த நிர்வாக மற்றும் கட்டுப்பாட்டு அமைப்பு என்ற ஏற்பாடும் பிறந்தது.

இந்த அமைப்பில் ஒவ்வொரு நிலத்துண்டும் வான்படத்தின் மேல் எல்லை வரையப்பட்டுத் தனி எண் பெறுகிறது. ஒவ்வொரு மாட்டின் இரு காதுகளிலும் ஒரே எண் பொறித்த வில்லைகள் மாட்டப்பட்டு, அந்த எண் பண்ணைப் பதிவேட்டிலும் மையத் தரவுத்தளத்திலும் ஏறுகிறது. விண்ணப்பங்கள் அனைத்தும் கணினியில் ஒப்பிடப்படுகின்றன; 2023-க்கு முன்பு, ஏறத்தாழ நூற்றுக்கு 5 பண்ணைகளுக்கு ஆய்வாளர் நேரிலும் சென்றார். நீண்ட காலம் நடைமுறையில் இருந்த விதிப்படி, அறிவித்த பரப்புக்கும் அளந்து கண்ட பரப்புக்கும் உள்ள வேறுபாடு, கண்ட பரப்பில் 3 விழுக்காட்டையோ 2 எக்டேரையோ தாண்டினால், அந்த வேறுபாட்டின் இரு மடங்கு கழிக்கப்பட்டது. 20 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ஆண்டு உதவியே கிடைக்கவில்லை. 20 எக்டேர் என்று எழுதியவரிடம் 19 எக்டேர் இருந்தால் அவருக்கு 17 எக்டேருக்குரிய பணம் கிடைத்தது. 15 எக்டேர் மட்டுமே இருந்தால் ஒன்றும் கிடைக்கவில்லை.

உயிர்வேலியின் அகலத்தைத் தவறாகக் கணித்தவரையும் இல்லாத வயலை எழுதியவரையும் இந்த அளவுகோல் முதலில் ஒரே இடத்தில்தான் நிறுத்தியது. தம்மிடம் குற்றமில்லை என்று காட்டுபவருக்கு விலக்கு உண்டென்றாலும், அதைக் காட்டும் பொறுப்பு அவருடையதாகவே விடப்பட்டது. இதற்குச் சொல்லப்படும் நியாயம் எளிதில் தள்ளக்கூடியதன்று: ஆய்வாளரால் நிலத்தை அளக்க முடியுமேயன்றி நெஞ்சை அளக்க முடியாது, நோக்கத்தை விசாரிக்கத் தொடங்கினால் பேசத் தெரிந்தவர் தப்பித்துக்கொள்வார், பேசத் தெரியாதவர் மாட்டிக்கொள்வார்.

ஆயினும் சட்டத்தின் பொதுமைக்குள்ளேயே ஒரு குறை இருப்பதை அரிஸ்டாட்டில் தம் நிகோமாக்கிய ஒழுக்கவியலில் விளக்கியிருக்கிறார். எல்லோருக்குமாக வகுக்கப்படும் விதி, தனி நிகழ்வு ஒன்றில் பிசகும்போது அதைத் திருத்துகிற நீதியை, அதாவது விதியின் எழுத்தைக் கடந்து அதை வகுத்தவரின் கருத்தை நிறைவேற்றும் நேர்மையை, கல்லின் வடிவுக்கேற்ப வளைந்து கொடுக்கும் லெஸ்போஸ் தீவின் ஈய அளவுகோலுக்கு அவர் ஒப்பிடுகிறார். கட்டுப்பாட்டு விதிகளிலும் அந்த ஈயம் ஆங்காங்கே உண்டு: முட்புதரில் சிக்கி ஒரு காதுவில்லை அறுந்துபோன மாடு, வேறு அடையாளங்களால் ஐயமின்றி இனங்காணப்பட்டால், அது இருப்பதாகவே கணக்கிடப்பட்டது. இத்தகைய சிறு விதிவிலக்குகளில்தான் இந்த அமைப்பின் மனிதத்தன்மை தங்கியிருக்கிறது.

கண்டிப்பு மட்டுமே வஞ்சத்தைத் தடுத்துவிடும் என்று எண்ணவும் இடமில்லை. கிரேக்கத்தில், சொந்தமாகவோ குத்தகையாகவோ பெறாத மேய்ச்சல் நிலங்களைக் காட்டி மானியம் பெறப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டை ஐரோப்பியப் பொது வழக்குத்தொடுநர் அலுவலகம் விசாரித்ததன் தொடர்ச்சியாக, 2025-இல் ஓர் அமைச்சர் உட்படப் பலர் பதவி விலகினர். பணம் வழங்கும் முகமையின் பணியை வரித்துறையிடம் ஒப்படைக்க அந்நாட்டு அரசு முடிவு செய்தது. விதிகளை நன்கு அறிந்தவரே விதிகளுக்குள் ஒளிந்துகொள்ளவும் வல்லவர். மலைச்சரிவில் பாறையையும் புதரையும் கழித்துப் பரப்பைச் சரியாக எழுதத் திணறும் இடையருக்கோ அந்த வன்மை இல்லை.

2023 முதல், சென்டினல் என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோள்கள் சில நாள்களுக்கு ஒருமுறை எடுக்கும் வயல் படங்களைக் கொண்டு விண்ணப்பங்கள் சரிபார்க்கப்பட, முரண்பாடு தென்பட்டால் உழவருக்கு முன்கூட்டியே தெரிவித்து, தண்டனையின்றி விண்ணப்பத்தைத் திருத்த இடமளிக்கப்படுகிறது. இது வெறும் தொழில்நுட்ப மாற்றமன்று. பிழையைக் குற்றமாக எண்ணாமல் பிழையாகவே காணும் அறநிலை. தண்டத்தின் அளவையும் இப்போது உறுப்பு நாடுகளே வகுக்கின்றன. எனினும் தம்மிடம் குற்றமில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை இன்றும் விண்ணப்பித்தவர் தோளிலேயே இருக்கிறது. கூடுதலாகப் பெற்ற பணத்தைத் திரும்பக் கேட்க அரசுக்கு அளவீடே போதும். அதற்கு மேல் தண்டம் விதிக்க முனையும்போது, வஞ்சம் இருந்தது என்பதை அரசே மெய்ப்பிப்பதுதான் முறை.