அரைகுறை வெயில்

அமெரிக்காவின் மினசோட்டாவில் நவம்பர் நடுவில் புல் விதை தூவுகிறவர்களைப் பார்த்தால், புதிதாக வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்காது. மரங்கள் மொட்டையாகிவிட்டன. காலையில் மண் பொருக்குத் தட்டிக் கிடக்கிறது. ஏப்ரல் வரை எதுவும் முளைக்காது. முளைக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இங்கே புல் விதைக்க நல்ல பருவம் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் முதல் பாதியும். அதை விட்டால், மண்ணின் சூடு 4, 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கும்வரை பொறுக்க வேண்டும். கென்டக்கி புளூகிராஸ் என்ற புல்லின் விதை மிகப் பொடிசு. ஒரு கிராமில் 3,000-க்கு மேல் இருக்கும். மண்ணை லேசாகக் கீறித் தூவுவதோடு நம் வேலை சரி. இரவில் மண்ணின் ஈரம் உறைந்து விரிய, மேல்மண் வெடிக்கும். பகலில் இளகி அடங்கும்போது விதையும் சேர்ந்து உள்ளே இறங்கும். குனிந்து பார்த்தால், மயிரிழை வெடிப்புகளில் தவிட்டு நிற விதைகள் செருகி நிற்பது தெரியும்.

பயப்பட வேண்டியது அக்டோபரில் திடீரென்று வரும் இளவெயிலுக்கு. அப்போது விதைத்தால், அந்தச் சூட்டை நம்பி முளைவிட்டுவிடும். அடுத்து வரும் உறைபனியில், வேர் பிடிக்காத பயிர் கருகிப்போகும். முளைத்த விதை மறுபடி விதையாகாது.

ராமநாதபுரம் பக்கம் புழுதி விதைப்பு செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். ஐப்பசி மழையை நம்பிக் காய்ந்த மண்ணில் நெல்லைப் போடுவார்கள். மழை தாமதமானாலும் நெல் கிடக்கும். முளைக்கிற அளவுக்கு மட்டும் நனைத்துவிட்டு மழை ஓடிப்போனால்தான் வயிறு எரியும்.

மனிதர் தரும் நம்பிக்கையிலும் இப்படித்தான். என் தங்கை மகன் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிய காலத்தில், ஒரு நிறுவனத்தில் "அடுத்த மாதம் கூப்பிடுகிறோம்" என்று மாதக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். அதை நம்பிக் கைக்கு வந்த வேறு வேலையை விட்டான். சொன்னவர் கெட்டவரல்ல, முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இன்னோர் இடத்தில் ஓர் அம்மா, "தம்பி, ரெண்டு வருஷத்துக்கு இங்க ஆள் எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார். அன்றிரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மறுவாரம் மேற்படிப்புக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தான். படித்த துறைமேல் இருந்த ஆசை அவனிடம் குறையாமல் இருந்தது. அதை வீணாக்காமல் வைத்துக்கொள்ள வழிசெய்தவர் அந்த அம்மாதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

"பார்க்கலாம்" என்று இதமாகச் சொல்லி அனுப்புவதை நாம் நல்ல குணம் என்கிறோம். கேட்டவர் அந்த வார்த்தையை வைத்து வாடகை வீடு பார்க்கிறார், கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுகிறார், கடன் வாங்குகிறார். முடியாது என்பதைக் கடுமையாகச் சொல்ல வேண்டியதில்லை. எப்போது மறுபடி கேட்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அவரும் அதற்கேற்பத் தன் காரியத்தைப் பார்த்துக்கொள்வார்.

ஊரிலிருந்து ஒரு பெண் சிபாரிசு கேட்டு எழுதியிருக்கிறாள். இந்த ஆண்டு இடமில்லை, அடுத்த ஜூனில் எழுதும்மா என்று இன்றைக்கே பதில் போட்டுவிடப் போகிறேன்.