நிற்க வைத்தல்

2012ல் எம்.ஏ. தமிழ் முடிச்ச கையோடு, தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் பதினோரு மாசம் நின்றேன். 'வேலை செய்தேன்' என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நின்றேன் என்பதுதான் நெசம். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்கணும். ஆளில்லாத மத்தியானத்திலும் உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்தால் சம்பளத்தில் பிடித்தம். குடோனில் விலைச்சீட்டை மாற்றி ஒட்டியிருப்பார்கள், திட்டு எங்களுக்கு. கேட்ட சரக்கு வராது, பதில் நாங்கள் சொல்லணும். தப்பு மேலே நடக்கும், தண்டனை கீழே இறங்கும்.

ஒருநாள் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "யாவாரமே இல்லாத நேரத்துல உக்காந்தா என்னா சார் நட்டம்?"

அவர் கோபப்படவில்லை. "கஸ்டமர் உள்ள வர்றப்ப நீ உக்காந்திருந்தா அவங்களுக்கு எப்பிடியிருக்கும்?" என்றார்.

எங்க ஊரில் ஆண்டை வீட்டுத் திண்ணைக்கு முன்னால் என் அப்பா நின்றதற்கும் இதுதான் காரணம். அப்பா உட்கார்ந்தால் திண்ணை தேய்ந்துவிடாது. எதிரே ஒருத்தன் நின்றால்தான் உட்கார்ந்திருப்பவன் பெரியவன். சதாராவில் பள்ளிக்கூடம் போன அம்பேத்கர், தான் உட்காரும் கோணித்துணியை வீட்டிலிருந்தே தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தார். 2020ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. யார் எங்கே உட்காரலாம் என்பதில்தான் சாதி தன்னைக் காட்டிக்கொள்கிறது.

கடையில் நின்ற எல்லாரும் தலித்துகள் அல்ல. பல சாதிப் பிள்ளைகள் இருந்தார்கள். திண்ணையில் கற்ற வித்தையை முதலாளி எல்லார் காலிலும் கட்டினார். அப்படிச் சேர்ந்து கால் வீங்கியவர்களே, ராத்திரி விடுதியில் தட்டோடு உட்காரும்போது, "உனக்கு எந்தத் தெரு?" என்று என்னிடம் கேட்டார்கள். ஒரே வலி ஒரே மனசைத் தந்துவிடுவதில்லை.

கேரளத்தில் கடைப் பெண்கள் போராடினார்கள். 2018ல் அங்கே உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டில் 1947ஆம் வருசத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021ல் திருத்தப்பட்டது. ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்றானது.

அதற்கப்புறம் தங்கச்சி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனேன். நான் மெத்தை நாற்காலியில். ஒரு பெண் நின்றபடி முப்பது புடவையை விரித்துப் போட்டாள். எனக்கு நல்லாத்தான் இருந்தது. அந்த 'நல்லாயிருந்தது'தான் இன்னும் என்னை உறுத்துகிறது. அவள் பின்னால் ஸ்டூல் இருந்தது, அட்டைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு. "உக்காந்து காட்டும்மா" என்றேன். அவள் மேலே கேமராவை ஒரு பார்வை பார்த்தாள். "பரவாயில்லீங்க சார்."

சூப்பர்வைசர் அன்று சொன்ன கஸ்டமர் நான்தான் என்று அப்போது தெரிந்தது. என் பேரைச் சொல்லித்தான் அவளை நிற்க வைத்திருக்கிறார்கள்.

தோழர்களே, ஸ்டூலை முதலாளியிடம் சட்டம் கேட்கட்டும், சங்கம் கேட்கட்டும். நாமும் கல்லாவில் போய், "இவங்க உக்காந்தா எனக்கு ஒண்ணும் கொறையாது" என்று சத்தமாகச் சொல்லணும். அன்று நான் சொல்லவில்லை. பில்லைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.