வள்ளி விரட்டின கிளி எந்த மரத்துல உட்கார்ந்துச்சு?

ஓம் சரவணபவ! 

வள்ளியம்மை கதை உங்க எல்லாருக்கும் தெரியும். தினைப்புனத்துல பரண் மேல நின்னு, கையில கவணோட, ஆலோலம் சொல்லி கிளியையும் குருவியையும் விரட்டிக்கிட்டு இருந்தாங்க. வேடனா வந்து பேச்சுக் கொடுத்த நம்ம அப்பன் முருகன், அவங்க அப்பா நம்பிராஜன் வர்றதைப் பார்த்ததும் வேங்கை மரமா மாறி நின்னுட்டான். சரி, ஒரு கேள்வி. அன்னைக்கு விரட்டின கிளியெல்லாம் எங்க போய் உட்கார்ந்திருக்கும்? பக்கத்துல நிக்கற மரத்துலதானே! புராணத்துல அப்படி இருக்குன்னு சொல்ல வரல, அடியேன் மனசுல ஓடினது இது. புனத்துல இடமில்லைன்னு துரத்தின பறவைக்கு அவன் கிளையா நின்னிருக்கான்.

வள்ளியம்மை விரட்டினதும் தப்பில்லைங்க. அது ஒரு குடியோட சோறு. பசிக்குதுன்னு கிழவன் வேஷத்துல வந்தவனுக்குத் தேனும் தினைமாவும் எடுத்துக் கொடுத்ததும் அதே கைதான்.

நம்ம சேலம், நாமக்கல் சீமையில இப்போ விரட்டறதுக்குக் கதிரே கம்மி. ராசிபுரம், ஆத்தூர் பக்கம் பஸ்ஸுல போய்ப் பாருங்க, எங்க பார்த்தாலும் மரவள்ளி. ஜவ்வரிசி எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போடுது, அதைக் குறை சொல்லல. ஆனா மண்ணுக்குள்ள விளையற கிழங்குல குருவி கொத்த என்ன இருக்கு?

அதனால இந்தத் தையில ஒண்ணு செய்யுங்க. போகியன்னைக்கு பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை வெச்சு காப்புக் கட்டுவோம் இல்லையா, அதோட புழக்கடை மரத்துல ஒரு கதிர்க் கொத்தும் கட்டுங்க. தைப்பூசம் வரைக்கும் தொங்கட்டும். காளிப்பட்டி கந்தசாமிக்கோ, கபிலர்மலைக்கோ நடந்து போறவங்களும் கிளம்பறதுக்கு முன்னாடி இதைக் கட்டிட்டுப் போங்க. நெற்கதிரைப் பின்னி கோயில் மண்டபத்துலயும் வீட்டுத் திண்ணையிலயும் குருவிக்குன்னு தொங்க விடறது நம்ம பெரியவங்க பழக்கம்தான். பனி கொட்டற நார்வேயில கூட கிறிஸ்துமஸ் சமயத்துல ஓட்ஸ் கதிர்க்கட்டைப் பறவைக்குக் கட்டி வெக்கறாங்க. நாமதான் கடையில பிளாஸ்டிக் மயில் தோரணம் வாங்கிட்டு வந்துட்டோம்!

கம்போ, சோளமோ, நெல்லோ, பத்துப் பதினஞ்சு கதிரை ஒரு சாண் தாளோட அறுத்து, ரெண்டு நாள் நிழல்ல காய வெச்சு, வாழைநாரால கட்டினாப் போதும். நைலான் நூல் வேண்டாம், காலுல சிக்கிக்கும். சாமி முன்னாடி வெச்சுக் கும்பிடுங்க, ஆனா கதிர் மேல விபூதி, குங்குமம், சென்ட் எதுவும் போடாதீங்க. பூனை எட்டாத உயரத்துல கட்டுங்க. பூசணம் பிடிச்சா அவிழ்த்துடுங்க. அணிலுக்கு ஆசைப்பட்டா உப்புப் போடாத கடலைக்காயைத் தோலோட கோர்த்து விடலாம். மிச்சமான முறுக்கு, மிக்சர் கூடவே கூடாது.

முக்கியமான விஷயம்: விதைக்கடையில விக்கற தானியத்தை வாங்கிக் கட்டாதீங்க. கலர் கலரா இருக்கே அது அழகுக்கு இல்ல, பூச்சி மருந்தும் பூஞ்சை மருந்தும் பூசினது. குருவிக்கு அது விஷம்.

இன்னொண்ணு சொன்னா சிலருக்குக் கோவம் வரும். மயிலுக்குத் தீனி போடாதீங்க. 1963லயிருந்து அது தேசியப் பறவை, 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துல பாதுகாப்பு இருக்கு, எல்லாம் சரி. ஆனா ஒரு இடத்துல தீனி கிடைச்சா மயில் கூட்டமா பழகிடும். அப்புறம் பக்கத்துத் தோட்டத்துத் தக்காளியையும் கடலையையும் கிளறும். வயிறெரிஞ்ச சில பேர் விஷம் வெச்சுடறாங்க. அப்பனோட வாகனத்துக்குன்னு நீங்க போட்ட ஒரு பிடி சோளம் அதுக்கே எமனா வரும். சிட்டுக்குருவி அவனுக்கு வாகனமும் இல்ல, கொடியும் இல்ல. அதுக்குப் போடுங்க.

குஞ்சு பொரிச்சா குருவி தானியம் ஊட்டாது, புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். அதனால அந்த மரத்தடியில மருந்து அடிக்காம விடுங்க. மண்சட்டியில தண்ணி வெச்சு தினமும் கழுவி மாத்துங்க.

கட்டின முதல் ரெண்டு மூணு நாள் ஒண்ணும் வராமப் போகலாம். இடத்தை மாத்தாதீங்க, பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்காதீங்க. புதுப் பொருளைக் கண்டா அதுக்குப் பயம். வேங்கை மரத்துலயும் கிளி உடனே வந்து உட்கார்ந்திருக்காதுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!