விருப்ப ஓய்வு யாருடைய விருப்பம்?

திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தியை நிறுத்திற்று. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான தொழிலாளர் ‘விருப்ப ஓய்வு’ பெற்று வெளியேறியிருந்தனர். வேறு வழியற்றோர் இட்ட கையெழுத்தை விருப்பம் எனலாமா? தேவையின் நெருக்கடியால் தொழிலாளி ஏற்கும் கடும் நிபந்தனை வன்முறையே எனத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் ‘ரேரும் நோவாரும்’ திருமடலில் கற்பித்தார்.

1953-இல் தொழில் தகராறுகள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாற்றிய ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் ஆட்குறைப்பு இழப்பீடாயிற்று. அது குறைந்த அளவு. நீதியின் முழு அளவன்று. ஒருவர் கடன் வாங்குவதும் திருமணம் உறுதி செய்வதும் வேலையை நம்பியே. அந்நம்பிக்கையை வளர்த்தவருக்கு, அது முறியுமுன் உண்மையைச் சொல்லும் கடமையுண்டு.

உத்திரமேரூர் வயல்களில் நடவுக்குப் பத்துப்பேரை அழைக்கும் நமக்கும் இது பொருந்தும். காய்ச்சலால் ஒருநாள் வராதவளின் இடத்தை மறுநாளே பிறருக்கு அளித்துவிடுகிறோமா? உவமையின் நிலக்கிழாரோ, பொழுது சாயும் வேளையிலும் வேலையற்றோரைத் தேடிச் சென்றார்.