சேர்வராயனுக்காக யார் பேசுவது?

சேலத்துக்கு வடக்கே எழும் சேர்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அதன் உச்சி 1,623 மீட்டர். அங்கே இருப்பது ஒரு குகைக் கோயில். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவிரியம்மனும் இருக்கிறார்கள். மலையாளிப் பழங்குடியினர் மே மாதத்தில் இங்கே திருவிழா எடுக்கிறார்கள். மலைமேல் இருக்கும் ஏற்காட்டைச் சுற்றியுள்ள நாகலூர், கரடியூர் போன்ற ஊர்களில் மலைக்கும் சாமிக்கும் பெயர் ஒன்றே. இந்த மலைக்கு ஒரு கேடு வந்தால் அதற்காக வாய் திறக்க வேண்டியவர் யார்? கும்பிடுகிறவரா, குடியிருக்கிறவரா, கீழே நகரத்தில் மலைத்தண்ணீரைக் குடிக்கிறவரா? இது சமயக் கேள்வியாகவும் தெரிகிறது, ஊராட்சிக் கேள்வியாகவும் தெரிகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றவர்கள் பெரும்பாலும் பாதி விடையோடுதான் திரும்பியிருக்கிறார்கள்.

தெய்வம் உலகுக்கு வெளியே நின்று உலகைப் படைத்தது என்று கொண்டால், மலை அதன் உடைமை ஆகிறது. அப்போது மனிதன் அந்த உடைமையின் காவல்காரன். தொல்காப்பியத்தின் திணைக் கோட்பாடு வேறு வரிசை வைக்கிறது. அதில் நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம் கருப்பொருள், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவை இருக்கும் அதே பட்டியலில் அதற்கும் இடம். குறிஞ்சிக்குச் சேயோன் தெய்வம். ஆனால் சேயோனுக்கு முன்பே குறிஞ்சி இருக்கிறது. இது செய்யுளுக்கான இலக்கணம்தான், இறையியல் நூல் அல்ல. ஆனாலும் நிலம் கெட்டால் தெய்வமும் இருக்க இடமின்றிப் போகும் என்ற எண்ணத்துக்கு இந்த வரிசையில் இடம் உண்டு. மலையைக் காப்பது சாமிக்குச் செய்யும் உபகாரமா, சாமியின் இருப்புக்கே அடிப்படையா என்று கேட்டால், திணை மரபு இரண்டாவதன் பக்கம் சாயும்.

உச்சிக் குகையிலிருந்து ஒரு சுரங்கவழி காவிரி பிறக்கும் இடம் வரை போகிறது என்பது பக்தர்களின் நம்பிக்கை. நிலவியல் இதை ஏற்காது. ஆனால் சரபங்கா ஆறும் திருமணிமுத்தாறும் இந்த மலையில் ஊறும் நீரை வாங்கிக்கொண்டுதான் காவிரியில் சேர்கின்றன. வடபுறத்தில் வாணியாறு தருமபுரி மாவட்டத்துக்கு இறங்குகிறது. கதை காவிரியை மலைக்கு வரவழைக்கிறது, தண்ணீர் மலையிலிருந்து காவிரிக்குப் போகிறது. திசைதான் மாறியிருக்கிறது, மலைக்கும் ஆற்றுக்கும் உறவு உண்டு என்பதில் கதைக்கும் வரைபடத்துக்கும் சண்டை இல்லை.

இந்த உறவை வேறொரு கணக்கு குறுக்கிட்டது. மலையின் அடிப்பாறை சார்னோகைட். பல லட்சம் ஆண்டுகள் மழையில் ஊறிச் சிதைந்த அந்தப் பாறை மேட்டு நிலங்களில் பாக்சைட் படிவமாக மாறியிருக்கிறது. மேட்டூரில் 1965 முதல் அலுமினியம் உருக்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்கு இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் போனது. மலைத்தலையில் இருக்கும் இத்தகைய நுண்துளைப் படிவம் மழையை உள்வாங்கி, கோடையில் சுனைகள் வழியாகச் சிறிது சிறிதாக விடுகிறது. மண்ணுக்குக் கீழே நடக்கும் இந்த வேலை கண்ணுக்குத் தெரியாது. அதனால் வெட்டியெடுத்த டன் கணக்கைப் போல இழந்த ஊற்றுக் கணக்கை யாரும் எளிதில் நீட்டிவிட முடியாது. மேட்டூரில் அலுமினிய உற்பத்தி 2008-ல் நின்றது. சுரங்கம் ஓடிய ஆண்டுகளிலும் உச்சியில் திருவிழா நடந்தது. சாமியின் புனிதம் கோயிலைச் சுற்றி மட்டும் எல்லை கட்டிக்கொண்டால், எல்லைக்கு வெளியே மலை வெறும் கனிமமாகிவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சட்டம் இந்தச் சிக்கலை இரண்டு வழிகளில் அணுகியிருக்கிறது. முதல் வழி, பேச முடியாததை ஆளாக ஏற்றுக்கொள்வது. இந்து தெய்வத் திருமேனிக்குச் சட்டத்தில் ஆள் என்ற நிலை உண்டு என்பதை பிரிவி கவுன்சில் 1925-ல் பிரமதநாத் மல்லிக் வழக்கில் உறுதிசெய்தது. அந்தத் தெய்வம் என்றும் மைனர். அதற்கு ஒரு காப்பாளர் தேவை. இதே தர்க்கத்தின் நீட்சியாக உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் 2017-ல் கங்கையையும் யமுனையையும் சட்ட ஆள்களாக அறிவித்தது. அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் இயற்கை அன்னையையே உரிமைகள் கொண்ட உயிருள்ள ஆளாக அறிவித்தது. அறிவிப்பு கம்பீரமானது. ஆனால் மைனருக்குக் காப்பாளர் அரசு என்றால், சுரங்க உரிமம் கொடுப்பதும் அதே அரசு. காப்பாளரே விற்பனையாளராகவும் இருக்கும்போது மைனரின் நிலை என்ன என்பதற்கு இந்த வழியில் தெளிவான பதில் இல்லை.

இரண்டாவது வழி நியம்கிரியில் தெரிந்தது. ஒடிசாவின் அந்த மலையில் டோங்ரியா கோண்டு மக்கள் நியமராஜாவை வழிபடுகிறார்கள். அங்கேயும் பாக்சைட், அதை வேண்டியது, மேட்டூர் ஆலையையும் தன் குழுமத்தில் வைத்திருந்த அதே வேதாந்தா. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் மலையை ஆள் என்று சொல்லவில்லை. சுரங்கம் அம்மக்களின் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே முடிவுசெய்யட்டும் என்றது. கூடிய 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. மலைக்குக் குரல் கொடுப்பதற்குப் பதிலாக, மலையைக் கும்பிடுகிறவர்களின் குரலுக்கு அங்கே எடை கொடுக்கப்பட்டது.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பன்னிரண்டு சபைகளும் சரி என்று சொல்லியிருந்தால்? நியமராஜா அன்றோடு சாமி இல்லாமல் போயிருப்பாரா? புனிதம் கைதூக்கித் தீர்மானிக்கும் பொருள் அல்ல என்று பக்தர் சொல்வார். அது நியாயம். ஆனால் சபை புனிதத்தைத் தீர்மானிக்கவில்லை. புனிதத்தை முன்னிட்டுப் பேசும் தகுதி யாருக்கு என்பதே அங்கே தீர்மானமானது. சாமி ஊரை விட்டு நீங்கிவிட்டார் என்று மனிதர்களே முடிவுகட்டும் கதைகள் நாட்டார் மரபில் உண்டு. ஆனால் அந்த முடிவை வெளியூரார் எடுத்ததாகக் கதை கேட்டதில்லை.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் கும்பிடுகிறவர் என்ற அளவுகோலே விரிந்தது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் சமணச் சின்னங்களும் அங்கே ஒரே குன்றுத்தொடரில் இருக்கின்றன. இரண்டு ஆண்டு கழித்து, அப்பகுதியில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமம் வேதாந்தா குழும நிறுவனத்துக்கு ஏலத்தில் போனதும் ஊர்கள் கிராம சபைத் தீர்மானம் போட்டன, மேலூரிலிருந்து மதுரைக்குப் பேரணி போனது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சைவருக்கு அது சிவன் இருக்கும் குன்று, சமணருக்கு முனிவர் படுக்கை, உழவருக்குக் கண்மாய்க்கு நீர் தரும் மேடு. காரணங்கள் ஒத்துப்போக வேண்டிய அவசியம் அங்கே எழவில்லை.

ஏற்காட்டுக்கு இந்தப் பாடம் கூடுதலாகப் பொருந்தும். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தது முதல் மலையில் தோட்டங்கள் பெருகின; பின்னாளில் பள்ளிகளும் விடுதிகளும் வந்தன. இன்று மலைவாசி என்ற சொல்லுக்குள் மலையாளியும் அடக்கம், தோட்டத் தொழிலாளியும் அடக்கம், ஓய்வுபெற்று வந்து வீடு கட்டியவரும் அடக்கம். எல்லோருக்கும் சேர்வராயன் குலசாமி அல்ல. தண்ணீர் எல்லோருக்கும் ஒன்று.

சாமியைக் கும்பிடாதவர் மலைக்குச் செய்யும் வேலைக்கு என்ன பெயர்? சைவ மரபில் இதற்கு நெருங்கிய ஒரு சொல் உண்டு. திருநாவுக்கரசர் கையில் உழவாரத்தோடுதான் சிலையாக நிற்கிறார். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் கருவி அது. பாடல் அளவுக்கு அந்த வேலையும் வழிபாடு என்பதால்தான் இன்றும் ஞாயிறுகளில் உழவாரப்பணிக் குழுக்கள் சிதைந்த கோயில்களுக்குப் போகின்றன. மலைச்சரிவில் காட்டை ஆக்கிரமிக்கும் உண்ணிச்செடியைக் களைவது இதற்கு எந்த வகையில் குறைந்தது? வேலையும் ஏறத்தாழ ஒன்றே. உண்ணிச்செடியை மேலோடு வெட்டினால் மறுபடி தழைக்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் இடத்துக்கு அடியில் வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு குழுவினர் வகுத்த முறை இது. பறவைகள் வந்தமரும் மரங்களின் அடியில் எச்சத்திலிருந்து முளைக்கும் கன்றுகளை அடுத்தடுத்த மழைக்காலங்களிலும் போய்ப் பிடுங்க வேண்டும். ஒருநாள் கூத்தாகச் செய்தால் பயன் இல்லை. நித்திய பூசைபோல் தொடர வேண்டிய வேலை.

கண்ணால் மட்டும் செய்யும் தொண்டும் உண்டு. 2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் எவரும் சேரலாம். ஓரிடத்தில் குறைந்தது கால் மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டு இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். கதிரவனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லும் பண்டிகையில் பறவைக்கும் கால் மணி நேரம் ஒதுக்குவது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அடிவாரத்தில் இன்னொரு வகை. ஏற்காட்டு ஓடைகளின் நீர் வந்து சேரும் கன்னங்குறிச்சி மூக்கனேரி 58 ஏக்கர். சேலம் மக்கள் குழு 2010-ல் அதைச் சீரமைக்க இறங்கியது. அள்ளிய வண்டலை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். திட்டுகளில் பறவைகள் தங்கின. நகரத்தார் பலர் பணம் கொடுத்தார்கள், சிலர் மண்வெட்டி பிடித்தார்கள். மலைமேல் போய்ச் சாமி கும்பிட்டவர் எத்தனை பேர் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இவ்வளவு தொண்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. மே மாதத்தில் ஏற்காட்டில் இரண்டு விழாக்கள்: அரசின் கோடை விழா மலர்க் கண்காட்சி ஒன்று, உச்சியில் சேர்வராயன் திருவிழா மற்றொன்று. இரண்டும் கூட்டத்தை மலைக்கு ஏற்றுகின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்தும், விழா முடிந்ததும் தன்னார்வலர்களைக் கூப்பிட்டுக் குப்பை பொறுக்க வைக்கும் வழக்கம் பல மலைவாசத் தலங்களிலும் இருக்கிறது. சுற்றுச்சூழல் நிகழ்ச்சி என்றாலே பொறுக்குவதும் நடுவதும் என்று ஆகிவிட்டது. எத்தனை வண்டி ஏறலாம், எங்கே விடுதி எழலாம் என்று தீர்மானிக்கும் இடத்துக்கு அதே மக்களை யாரும் மாலை போட்டு அழைப்பதில்லை. தொண்டு செய்கிறவருக்கு முதல் மரியாதை தருவது ஊர்க்கோயில் வழக்கம். சுற்றுச்சூழல் தொண்டருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு தொப்பியும் சான்றிதழும்.

தீர்மானிக்கும் இடம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஊராட்சியின் வாக்காளர் எவரும் போய்ப் பேசலாம்; பேசியது தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வருவது புத்திசாலித்தனம். 2002-ன் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு வேண்டும். அது எழுதும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எந்தச் சுனை எங்கே, எந்தச் செடி எதற்கு மருந்து என்பதை ஊர்ப் பெரியவர்களே சொல்லிப் பதியலாம்.

ஒடிசாவில் உள்ளதுபோல் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே பழங்குடிப் பகுதிகளுக்கான 1996-ன் ஊராட்சி விரிவாக்கச் சட்டம் ஏற்காட்டுக்கு எட்டாது. 2006-ன் வன உரிமைச் சட்டம் எட்டும். சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் மேலாளவும் அது கிராம சபைக்கு உரிமை தருகிறது. அந்த உரிமையைக் கோரும் விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய சான்றுகளை விதிகளின் 13-ஆம் விதி பட்டியலிடுகிறது: கிணறு, இடுகாடு போன்ற பழைய அடையாளங்களோடு புனித இடங்களையும் அது ஏற்கிறது, பெரியவர்களின் வாக்குமூலம் எழுத்தில் இருந்தால் அதுவும் சான்று. குகையும் சுனையும் கோயில்காடும் இப்படி விண்ணப்பத் தாளில் ஏறலாம். ஆனால் கோரிக்கையைப் பரிசீலிப்போர் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. சாமி இருக்கும் இடத்தைக் காட்டினால் மட்டும் போதாது. அந்த இடத்தைத் தலைமுறைகளாகப் புழங்கி வந்தவர்களும் வந்து சொல்ல வேண்டும்.